பின்பலகைக்குள் ஒரு தட்டல்

“அண்ணி, ஒரு உதவி. அந்த வெள்ளை போட் வேண்டாம்னு அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க.”

“ஏன், நீயே சொல்றது? உன் வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டாங்களா?”

“நான் சொன்னா, ‘வந்துட்டாருடா மேதாவி’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. நீங்க சொன்னா முறைச்சுக்கிட்டாவது கேப்பாரு.”

“அப்படி என்ன குறை அதுல? புதுசு, பளபளன்னு இருக்கு, விலையும் குறைச்சல்.”

“பளபளப்பெல்லாம் மேல பூச்சு அண்ணி. நேத்து தனியாப் போய்ப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வருது. எஞ்சினே அதுலதானே தொங்குது!”

மூன்று வருடங்களுக்கு முன், ஒழுகும் சமையலறையில், தரையில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும்போது நடந்த பேச்சு அது. கொழுந்தன் வாளியைக் காலால் நகர்த்திச் சொட்டுக்கு நேராக வைத்துவிட்டுப் போனான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “சரி, சொல்றேன்” என்றாள்.

சொல்லவில்லை. தம்பி பந்தயத்தில் ஓட்ட, விலை குறைந்த அந்த வெள்ளைப் படகையே வாங்கினால் மிஞ்சுவதில் சமையலறைக்குப் புதுக் கூரை போடலாம் என்று கணவர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். ஏழு வருடம் அந்த வாளியோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மனம் நிறைந்துபோயிருந்தது.

பந்தயத்தன்று காலை, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தன் வாசலில் நின்று கேட்டான். “அண்ணன்கிட்ட சொன்னீங்களா அண்ணி?”

“சொன்னேன்பா. அவரு கேக்கலை.”

அவன் சிரித்தான். “சரி விடுங்க. எனக்காக ஆசையா வாங்கினது, நான் ஓட்டாம யாரு ஓட்டுவா?”

ஏரியின் மூன்றாவது திருப்பத்தில் எஞ்சின் பின்பலகையோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. படகு ஒருக்களித்துப் புரண்டது. ஜாக்கெட் அவனை மிதக்க வைத்தது. ஆனால் தலையில் பட்ட அடியிலிருந்து அவன் எழவேயில்லை.

கூரை நன்றாகத்தான் அமைந்தது. மழைக்காலத்தில் ஒரு சொட்டு இறங்கியதில்லை. ஆனால் அவள் அடுப்படியில் தனியாக நிற்கும் பகல் வேளைகளில், மேலிருந்து சில நாள் சத்தம் வரும். டக், டக், டக். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். “தகரம் வெயிலுக்கு விரியுது” என்றார். அவருக்கு அது கேட்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எஞ்சின் பட்டறையே கதியென்று கிடந்ததில் அவர் காது பாதி மந்தம். அதனால்தான் அண்ணனும் தம்பியும் படகு பார்க்கப் போனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். பெரியவர் வெளியே நின்று கைமுட்டியால் தட்டிக்கொண்டே வருவார். ஃபைபர் வேலை செய்யும் சின்னவன் உள்ளே படுத்து, காதை ஒட்டிவைத்துக் கேட்பான். நல்ல இடம் என்றால் உள்ளிருந்து ஒரு தட்டு, கெட்ட இடம் என்றால் மூன்று தட்டு. தட்டின் அதிர்வை அண்ணன் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். வெள்ளைப் படகுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. “புது போட்டை யாருடா தட்டிப் பார்ப்பா? கல்யாணப் பொண்ணோட பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி!” என்று சிரித்துவிட்டார்.

மூன்று வருடம் படகின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், இந்த மாதம், “அவன் விட்ட பந்தயத்தை நான் முடிக்கணும்” என்றார். “நீயும் வா. உள்ள படுத்துக் கேக்க ஆள் வேணும்.”

விற்பனைக் கூடத்தில் இரண்டு படகுகள் அவர் கண்ணில் நின்றன. ஒரே விலை. ஆறு வருடம் ஓடிய நீலப் படகு, கொஞ்சம் கனம். புத்தம்புதிய சிவப்புப் படகு, பெரிய எஞ்சின், கத்தி மாதிரி மூக்கு.

“பழசுக்கும் புதுசுக்கும் ஒரே விலை சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் விற்பனைக்காரர், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு.

“யோசிக்கத்தானே பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றார் கணவர்.

“அப்ப சாயங்காலம் ஆயிடும் சார்.”

இருவரும் சிரித்தார்கள். அவள் நீலப் படகின் சாமான் பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கம்கூட வழவழவென்று பூசியிருந்தது. கைப்பிடிகள் எல்லாம் மறுபக்கம் வரை ஊடுருவிய போல்ட்டில் நின்றன. சிவப்பின் மூடிக்கு அடியில் விரலைவைத்தால் ஃபைபர் முள்ளாகக் குத்தியது. கைப்பிடியை வெறும் ஸ்க்ரூவில் முறுக்கி விட்டிருந்தார்கள். கொழுந்தன் எப்போதோ சாப்பிட்டுக்கொண்டே சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. நினைவில்லாமல் போனால் தேவலை என்றிருந்தது.

நீலத்துக்குள் படுத்தாள். அவர் தட்டிக்கொண்டே வந்தார். மூக்கு முதல் பின்பலகை வரை ஒரே கணீர் சத்தம். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு தட்டினாள்.

“சரி, இது உருப்படியான கிழவன்” என்றார். “இப்ப சிவப்பு.”

சிவப்பின் உள்ளே புதுப் பெயின்ட் நெடி மூக்கை அடைத்தது. பக்கங்கள் பரவாயில்லை. பின்பலகைக்கு வந்ததும் சத்தம் சட்டென்று செத்தது. நனைந்த அட்டைப்பெட்டி. அவள் கையை ஓங்கினாள். மூன்று தட்டு தட்ட வேண்டும். தட்டினால் ‘இது கெட்ட சத்தம்னு உனக்கு எப்படித் தெரியும்’ என்பார். அதற்குப் பிறகு, வெள்ளைப் படகைப் பற்றிக் கொழுந்தன் சொன்னது, அவள் மறைத்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். கை கீழே இறங்கிவிட்டது.

“என்ன, ஒண்ணும் சொல்லலை? நல்லாத்தானே இருக்கு?” வெளியிலிருந்து அவர் குரல். பிறகு விற்பனைக்காரரிடம், “திருப்பத்துல இது எப்படிப் பிடிக்கும்?” என்று கேட்டுக்கொண்டே நடந்துபோகும் காலடிச் சத்தம். பேச்சு தூரமாயிற்று. பேனா மூடியைத் திறக்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

அப்போது, கன்னத்தை ஒட்டியிருந்த பின்பலகைக்குள்ளிருந்து தட்டியது.

டக், டக், டக்.

கணவரின் பேச்சு தூரத்தில் மேஜைப் பக்கம் கேட்டது. வெளியே பக்கத்தில் யாருமில்லை. மறுபடியும், அவசரமே இல்லாமல், வாளியைக் காலால் நகர்த்தி வைத்தவனின் அதே பொறுமையோடு, மூன்று தட்டு. கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். இன்னும் அவள் சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருப்பவனின் தட்டலாக இருந்தது அது.

எப்படி வெளியே ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. முழங்கையில் ஃபைபர் முள் ஏறிச் சிவந்திருந்தது. கணவர் மேஜைமேல் குனிந்து, முன்பண ரசீதில் பேனாவை வைத்திருந்தார்.

“என்னங்க.”

“இரு, இதோ முடிஞ்சுது.”

அவள் பேனாவோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தாள். அவர் நிமிர்ந்தார். அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, மூன்று வருடம் வாய்க்குள்ளேயே கிடந்ததை, அவன் சொல்லிக் கொடுத்த வார்த்தை மாறாமல் சொன்னாள்.

“அந்த வெள்ளை போட் வேண்டாம்ங்க. தம்பி உங்ககிட்ட சொல்லச் சொன்னான்.”