இரண்டு பேரைச் சுமக்கும் எஞ்சின்

கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தாஹிரா செல்போன் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் மழை இறங்கி எழுத்துகள் ஊதாவாகக் கரைந்திருந்தன. விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை ஐந்து ஐந்து பஸ் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் கீத்லிக்குப் போக முதல் பஸ் இனிமேல் ஆறே கால்.

"ஆறே காலுக்கு பஸ் ஏறி ஆறு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போறதாம்?" என்றாள்.

"பஸ் கம்பெனிக்காரன் காலையில எட்டு மணிக்கு எந்திரிக்கிறவன். அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜீனெட். மழைக்கோட்டின் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

இருவருக்கும் பார்சல் கிடங்கில் வேலை, ஏஜென்சி மூலமாக. வாசலில் கார்டைத் தேய்க்கும்போது மணி ஆறைத் தாண்டியிருந்தால் ஒரு குறி விழும். மூன்று குறி விழுந்தால் வேலைக்கு வரச்சொல்லி ஏஜென்சியிலிருந்து அதன்பிறகு செய்தி வராது. ஜீனெட்டுக்கு இரண்டு, பனி கொட்டிய ஒரே வாரத்தில் விழுந்தவை. தாஹிராவுக்கும் இரண்டு. ஒன்று அதே பனியில், இன்னொன்று மகளுக்குக் காய்ச்சல் கண்ட காலையில். தாஹிராவின் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் கார் ஏழரைக்குத்தான் இவர்கள் ஊரான நெல்சனுக்குத் திரும்பும்.

பஸ் வந்தது. மலை ஏற்றத்தில் அது முனகிக் கியரை மாற்றியபோது, அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த ஜீனெட் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஒரு ஸ்கூட்டர் இருக்கு."

"நெஜமாவா? ஆறு வருஷமாப் பக்கத்துல உக்காந்து வர்றேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே! நல்லா ஓடுமா?"

"எஞ்சின் இல்ல."

தாஹிரா சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

அது ஒரு லாம்ப்ரெட்டா. பத்தொன்பது வயதில் வாங்கியது. ஜீனெட்டுக்கு இப்போது ஐம்பத்தொன்று. பதினோரு வருடங்களுக்கு முன் ஓடும்போதே கிராங்க் தண்டு இரண்டாக உடைந்து, எஞ்சினின் வெளிக்கூடான கேஸையும் பிளந்துவிட்டது. அதே வருடம்தான் தறிகளுக்கு அச்சுத்தண்டு செய்யும் பட்டறையை மூடினார்கள். அங்கே அவள் பதினைந்து வருடம் கிரைண்டிங் மெஷினில் நின்றவள். முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட விரல் நுனியால் தடவிச் சொல்வாள். கிடங்கில் அந்த விரல்கள் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கம்பெனி எஞ்சின் கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல கண்ணு," என்றாள் மதியச் சாப்பாட்டின்போது. "ஒருத்தரை ஏத்தினாலே அந்த ஏத்தத்துல மூச்சு வாங்கும். ரெண்டு பேரு ஏறினா இறங்கித் தள்ளணும். மூணு மடங்கு இழுவை வேணும். நாமளே கட்டினாத்தான் உண்டு."

"நாமன்னா?"

"நீயும்தான். பின்னாடி சும்மா உக்காந்து வரலாம்னு பார்த்தியா?"

ஸ்கூட்டர் கிளப்பில் சொல்லி வைத்ததும் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஸ்பெயினில் வார்த்த கேஸ், ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டாக வைக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து யாரோ தப்பாக வரவழைத்த கிராங்க். பிஸ்டனை அது மேலும் கீழும் தள்ளும் வீச்சு வழக்கத்தைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். பந்தயத்துக்கென்று இத்தாலியில் செய்த பெரிய சிலிண்டரைக் கிளப் நண்பன் டெஸ் கொண்டுவந்தான். அதன் உட்சுவரில் ஒரு நீளக் கீறல். கீறல் போகக் கடைந்தபின் அதற்குப் பொருந்தும் பிஸ்டன் ஒரு ஜப்பான் மோட்டார்சைக்கிளுடையதுதான். கார்புரேட்டர் எதிலிருந்து கழற்றியது என்று கொடுத்தவருக்கே ஞாபகமில்லை.

டெஸ் நகரசபைக் குப்பை லாரி ஓட்டுகிறவன். வருடத்துக்கு நாலு முறை பழைய விமான ஓடுதளத்தில் ஸ்கூட்டர் பந்தயம் ஓட்டுகிறவன். ஜீனெட் வீட்டுப் பின்முற்றத்தில் செய்தித்தாள் விரித்து அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இது எஞ்சினா, ஐக்கிய நாடுகள் சபையா? ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே நடக்காதே!"

"சிலிண்டரைக் குடுத்துட்டேல்ல? வாயை மூடிக்கிட்டு டீயைக் குடி."

"நல்லதுக்குச் சொல்றேன். சிலிண்டருக்கு அடியில ரெண்டு மில்லி தகடு வை. துளையெல்லாம் மேல ஏறிடும், வேகம் ஏற ஏறப் பறக்கும். அடுத்த பந்தயத்துல நீயே ஜெயிச்சிடலாம்."

"எனக்கு ஜெயிக்க வேண்டாம் டெஸ். ஏறணும்."

கிராங்கின் வீச்சு நீண்டதால் பிஸ்டன் மேலே இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வரும், சிலிண்டரின் மேல்மூடியான தலையில் முட்டும். இடைவெளியை எங்கே கொடுப்பது என்பதில்தான் எஞ்சினின் குணம் இருந்தது. அடியில் கொடுத்தால் ஓட்டம். தலையில் கொடுத்தால் இழுவை. ஜீனெட் தலைப்பக்கமே கொடுத்தாள். ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டன் மேல் வைத்துத் தலையை மூடிப் போல்ட்டுகளை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்பக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தாள். ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும். மறுபடி தேய்த்தாள், மறுபடி அளந்தாள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை இதே வேலை. தாஹிரா பரோட்டா சுற்றிக் கொண்டுவருவாள். கேஸின் வாய் புதுச் சிலிண்டருக்குச் சின்னதாக இருந்தது. அதை அரத்தால் ராவி அகலப்படுத்தும் வேலை அவளுடையது. அலுமினியத் தூள் அவள் புருவத்தில் மினுங்கும்.

"என் பொண்ணு கேக்குறா, அம்மா மேக்கப் போட ஆரம்பிச்சிட்டியான்னு."

"ஆமான்னு சொல்லு. இத்தாலிச் சரக்குன்னு சொல்லு."

ஒரு சாயங்காலம் தாஹிரா அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒருவேளை இது ஓடலேன்னா?"

ஜீனெட் விரல்களைத் துணியில் துடைத்தாள். "பட்டறையை மூடினப்ப எனக்கு நாப்பது வயசு. எட்டு மாசம் வீட்டுல உக்காந்திருந்தேன். திரும்ப அப்படி உக்கார முடியாது கண்ணு. அதனால ஓடும்."

புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவதற்கு நாள் இல்லை. முதல் தேதி திங்கட்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் எஞ்சினை வண்டியில் ஏற்றி முடித்தார்கள். டெஸ் லாரி ஷெட்டில் பற்றவைத்துக் கொடுத்த சைலன்சர், வேறொரு மாடலுக்கு உரியது, வயிறு பெருத்த பாம்பு போல வளைந்து கிடந்தது. நாலாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பின்சந்தில் இருந்த ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கையில் சவர பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

முக்காட்டின் மேல் ஹெல்மெட் இறங்கவில்லை. தாஹிரா உள்ளே போய் மெல்லிய துணியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்க," என்றாள் ஜீனெட்.

பக்கத்து ஊரான கோல்னைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஜீனெட் ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. கருங்கல் வேலிகள் பின்னால் ஓடின. ஆடுகள் தலை தூக்கின. "அம்மாடி!" என்று தாஹிரா கத்தியது ஜீனெட்டின் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. மூன்றாவது கியரிலேயே பாதி மலை ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு சத்தம் மாறியது. எஞ்சின் தானாகவே வேகம் எடுத்து, சட்டென்று இறுகி, பின்சக்கரம் கிறீச்சிட்டது. ஜீனெட்டின் இடது கை அந்தக் கணமே கிளட்சைப் பிடித்தது. வண்டி ஓரத்தில் போய் நின்றது.

ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜீனெட் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலிக் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"உடைஞ்சுபோச்சா?" என்று தாஹிரா மெதுவாகக் கேட்டாள்.

"சூட்டுல பிஸ்டன் பிடிச்சிருக்கு. ஆறினா விட்டுடும். ஆனா ஏன் பிடிச்சதுன்னு தெரியலேன்னா நாளைக்கும் இதே இடத்துலதான் நிப்போம்."

"நிக்கிறதுக்கு முன்னாடி விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சே. என் சீட்டுக்கு நேரா அடியிலேர்ந்து."

ஜீனெட் நிமிர்ந்து பார்த்தாள். "விசிலா?"

"ஆமா. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி இழுக்குமே, அந்த மாதிரி. நான் ஏதோ உன் எஞ்சினோட பாட்டுன்னு நெனச்சேன்."

இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வீட்டில் பிஸ்டனைக் கழற்றி, உரசல் தழும்பை உப்புத்தாளால் நீவிச் சரிசெய்து மாட்டியபின், சைலன்சர் துளையையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்தாள் ஜீனெட். சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தாள். தாஹிரா சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினாள். சிலிண்டரையும் கார்புரேட்டர் குழாயையும் சேர்க்கும் இடத்தில் குமிழிகள் பொங்கின.

குழாய் வேறு ஒரு சிலிண்டருக்குச் செய்தது. துளைகள் பொருந்தாமல் போகவே ஜீனெட் அவற்றை ராவி நீட்டியிருந்தாள். காற்றுப் புகாமலிருக்க இடையில் வைத்த தடித்த காகிதமான கேஸ்கெட் மட்டும் கடையில் வாங்கியது. ஒரு பக்கம் பிறைபோல இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தது. அந்த வழியாக வெறும் காற்று உள்ளே போயிருக்கிறது. பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து எஞ்சின் காய்ந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை. ஒரு கடையும் திறந்திருக்காது. இதுக்குப் பொருந்துறது எந்தக் கடையிலயும் கிடைக்கவும் கிடைக்காது," என்றாள் ஜீனெட். கையிலிருந்த ஸ்பேனரை மேசை மேல் வைத்தாள்.

"இந்த கேஸ்கெட் காகிதம் வெட்டாம இன்னும் இருக்கா?" என்றாள் தாஹிரா.

"ஒரு தாள் இருக்கு."

"குடு. கத்தரிக்கோலும் குடு. நகம் வெட்டுறது இல்ல, நல்ல கத்தரிக்கோல்."

தாஹிரா திரைச்சீலைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் துணி வெட்டியவள். சிலிண்டரின் விளிம்பில் எண்ணெய்க் கரியைத் தடவித் தாளை அதன்மேல் வைத்து, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினாள். குழாயின் பக்கத்தையும் அதே தாளில் மறுபுறம் அச்செடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு அச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கோட்டைக் கண்ணால் தேடினாள். பிறகு கத்தரிக்கோலை அசைக்காமல் தாளை மட்டும் திருப்பித் திருப்பி வெட்டினாள். ஜீனெட் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை பம்ப் அடித்தபோது சோப்பு அப்படியே அசையாமல் நின்றது.

"ஒரு குமிழி இல்ல," என்றாள் ஜீனெட். குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். "பட்டறையில உன்னை மாதிரி ஒருத்தி எனக்குப் பக்கத்து மெஷின்ல இருந்திருக்கணும்."

"இப்ப எதிர் மேசையில இருக்கேனே, போதாதா?"

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்குத் தாஹிராவின் வாசலில் வண்டி நின்றது. தூறல். தாஹிரா சாப்பாட்டுப் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏற்றத்தில், முந்தின நாள் நின்ற இடம் வந்தபோது ஜீனெட்டின் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் இறுகின. எஞ்சினின் குரல் மாறவில்லை. ஒரே சுருதியில், அடிவயிற்றிலிருந்து இழுத்தது. பால் லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜீனெட் நாலாவது கியர் போட்டாள், இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, அதுவும் ஏற்றத்தில். லாரி பின்னால் போனது.

"விசில் கேக்குதா?" என்று கத்தினாள்.

"இல்ல! நான்தான் அடிக்கிறேன்!"

மேட்டின் உச்சியில் கிழக்கே வானம் வெளுத்திருந்தது. கீழே கீத்லியின் விளக்குகள் மூடுபனிக்குள் சிதறிக் கிடந்தன.

கிடங்கு வாசலில் அவர்கள் வந்து நின்றபோது மணி ஐந்து நாற்பத்தாறு. பனிமூட்டத்தில் நடந்து வந்துகொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். "மூணாவது ஆளுக்கு இடம் இருக்கா?" என்று ஒருவன் கேட்டான். "மடியில வச்சுக்கிறோம், வா," என்றாள் தாஹிரா. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

வேலிக்கு உட்புறம் வண்டிகள் நிறுத்தக் கூரை போட்ட கொட்டகை இருந்தது. ஜீனெட் அதன் கதவருகே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கார்டைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். சிவப்பு.

காவலாளி கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "ஏஜென்சி கார்டுக்கு அது திறக்காதும்மா. கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்தான்."

"உள்ள ஒரு வண்டிகூட இல்லையே."

"இல்லதான்," என்றார் அவர். "அவங்கல்லாம் ஒம்போது மணிக்குக் கார்ல வருவாங்க."

தூறல் மழையாக வலுத்தது. ஜீனெட் வண்டியைத் திரும்ப வெளியே தள்ளி வேலியோரம் நிறுத்தினாள். தாஹிரா குப்பைத் தொட்டியருகே கிடந்த, சரக்குகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை உருவிக்கொண்டு வந்தாள். எஞ்சின் முழுவதும் மூடும்படி இருவரும் சேர்ந்து அதைச் சுற்றி, முனைகளைச் சக்கரத்தில் முடிச்சுப் போட்டார்கள். பிறகு கார்டைத் தேய்த்துவிட்டு வேலைக்கு உள்ளே போனார்கள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

கொட்டகையில் பன்னிரண்டு வண்டிக்கான கம்பிகள் வரிசையாக, வெளிச்சத்தில், காய்ந்துபோய் நின்றன. வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் தாளுக்குள் எஞ்சினின் சூடு ஆவியாகப் படர்ந்தது. மழை அதன்மேல் பெய்துகொண்டிருந்தது.