கதவுக்குப் பின்னால்

கடை முன்னால் தகரத் தாழ்வாரம் இறக்கக் கூடாதென்று நகரசபை சட்டம் போடப்போவதாகக் கேள்விப்பட்டு, வளையல்கடை உதுமாலெப்பை நகரசபை அலுவலகக் கந்தோருக்குப் போனார். ஆட்சேபிக்க அன்றே கடைசி நாள்.

"அறிவித்தல் எங்க, ஐயா?"

"ஒரு மாசமாத் தொங்குது. கதவுக்குப் பின்னால பாருங்கோ," என்றார் கிளாக்கர் நமசிவாயம்.

பகல் முழுவதும் திறந்தே கிடக்கும் கதவு அது. சாத்தினால்தான் அறிவித்தல் தெரியும்.

உதுமாலெப்பை வெளியே போய், இருபது கடைக்காரரோடு திரும்பி வந்து கதவைத் தாழிட்டார்.

வெளியே நகரசபைத் தலைவர் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க தொரை, ஒவ்வொருத்தரா வாசிக்கிறோம்!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் உதுமாலெப்பை.

ஆட்சேபிக்கும் தவணையை ஒரு மாதம் நீட்டவும், அறிவித்தலைக் கடைத்தெருவில் தொங்கவிடவும் தலைவர் சம்மதித்த பிறகே கதவு திறந்தது.

இப்போது அந்த அறிவித்தல் மழையில் நனையாமல், உதுமாலெப்பையின் தகரத் தாழ்வாரத்தின் கீழ் தொங்குகிறது.