நாற்பதுக்கு மூன்று நாள் தாமதம்

ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வனீஸுக்கு, செத்துப்போன மனைவியின் மேல் அன்று காலையிலும் கோபம்தான். ஹிலானாவின் நாற்பதாம் நாள் செவ்வாய்க்கிழமையே வந்து போய்விட்டது. வேலை நாளில் யாரும் வர மாட்டார்கள், நாற்பதாம் நாள் பூசையை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று மகள் இரீனியும் பாதிரியாரும் பேசி முடித்துவிட்டார்கள்.

"நாப்பத்து மூணு எப்படிம்மா நாப்பது ஆகும்?" என்றார் வனீஸ், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"வெள்ளிக்கிழமைதானேப்பா எல்லாருக்கும் லீவு."

"உங்கம்மா தன்னோட நாப்பதுக்கே மூணு நாள் லேட்டு. உனக்கு இதுல ஆச்சரியம் ஏதாவது இருக்கா?"

இரீனி சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய இந்த ஆறு வாரத்தில் பழகியிருந்தாள்.

எகிப்தில் மின்யாவுக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் வனீஸ் நேரத்துக்குப் பெயர் போனவர். அவர் கோயிலுக்குப் போவதைப் பார்த்து ரொட்டிக் கடைக்காரர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்தவள், வாசல் வரை வந்துவிட்டு அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் போகிறவள். முப்பத்து நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அவர் சாவியோடு வாசலில் நிற்பார், அவள் உள்ளே எதையாவது தேடிக்கொண்டிருப்பாள். அவர் கத்துவார். அவள் உள்ளிருந்தே, "என்ன அவசரம்? பூசை எங்க ஓடிடப் போகுது?" என்பாள். 

ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பூசையில் அப்பமும் ரசமுமாகத் தரும் நன்மையை வாங்கும்போது தலையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை முக்காட்டை அவள் தேடிக்கொண்டிருந்தாள். வனீஸுக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசி நாள்ல எக்காளம் ஊதுற தேவதூதனையும் நீ நிக்க வைப்பே. இனிமே உனக்காக நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் அவளை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்" என்று அவள் குரல் கேட்டது. அவள் வரவில்லை. பூசை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கட்டில் ஓரமாகச் சரிந்து கிடந்தாள். காலில் செருப்பு, கையில் முக்காடு. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

எல்லாவற்றுக்கும் பின்தங்கியே வந்தவள் இதில் மட்டும் முந்திக்கொண்டாளே என்பதுதான் வனீஸின் கோபம். கோபம் என்று அவர் சொல்லிக்கொண்டார். அது கோபம் இல்லை என்று ஊருக்கே தெரியும்.

அன்றிலிருந்து அவர் நன்மை வாங்குவதில்லை. பூசைக்கு வருவார், முன்வரிசையில் வழக்கமான இடத்தில் நிற்பார், மற்றவர்கள் பீடத்தை நோக்கி நகரும்போது பக்கவாசல் வழியாக வெளியேறிவிடுவார். ஊரார் அபூனா என்று அழைக்கும் பாதிரியார் சரபமூன் ஒரு நாள் அவரை மடக்கிப் பிடித்தார். அபூனாவுக்கு வயது நாற்பத்தைந்துதான். குருவாவதற்கு முன் மருந்துக்கடை வைத்திருந்தவர்.

"சண்டை போட்டவனோட சமாதானம் ஆகாம நன்மை வாங்கக் கூடாதுன்னு சொல்றது நீங்கதானே அபூனா?" என்றார் வனீஸ்.

"நான் இல்ல மாஸ்டர். எனக்கு மேல இருக்கிறவர்."

"சரி. அவளோட சமாதானம் ஆக நான் எங்க போகட்டும்? விலாசம் இருந்தாக் குடுங்க."

"இங்கயேதான். பீடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் நாம நிக்கிறோம், அந்தப் பக்கம் அவங்க நிக்கிறாங்க. பூசை நடக்கிறப்போ ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம்தான். அங்க நேத்தும் கிடையாது, நாளையும் கிடையாது. எல்லாமே இப்போதான்."

"ரயில் விட்டவன்கிட்ட வந்து இதச் சொல்றீங்களே. போன வண்டி போனதுதான் அபூனா. பின்னாடி நின்னு கொடி ஆட்டினா திரும்பி வருமா?"

அபூனா அவர் தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். மருந்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிப் பழகியவர்.

அந்த வெள்ளிக்கிழமை வனீஸும் இரீனியும் கோயிலுக்குள் நுழைந்தபோது பூசை தொடங்க நான்கு நிமிடம் இருந்தது. வாசல் மேஜையில் வழக்கம்போல் இரண்டு தகர டப்பாக்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி வலது டப்பாவில் போட வேண்டும், இறந்தவர்களின் பெயரை இடது டப்பாவில். வலது டப்பா பாடகர் பிசாதாவிடம் போகும். பயணிகளுக்கான ஜெபத்தின்போது அவர் வாசிப்பார். இடது டப்பா திரைக்கு உள்ளே அபூனாவிடம் போகும்.

வனீஸ் இரண்டு சீட்டையும் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார். வருடக்கணக்காக ஒரே பெயர்கள்தான். இந்த முறை ஒரே ஒரு பெயர் மட்டும் ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தது. அதை எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது ஒரு கண் கைக்கடிகாரத்தில் இருக்க, சீட்டுகளைப் போட்டுவிட்டு நடந்தார்.

முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று பாடும் பிசாதா, ஸ்டேஷனில் அவரோடு வேலை பார்த்தவர். இரண்டு பிளாட்பாரத்துக்கும் சேர்த்துக் கேட்கும் குரல். எதைப் பாடினாலும் இழுப்பார். மைக்கைப் பிடித்து, கடலிலும் ஆற்றிலும் சாலையிலும் பயணம் போனவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும்படி வேண்டிக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக ராகத்தோடு வாசித்தார்.

"ஷெஹாத்தா... பல்சம்... ஹபீப்... ஹிலானா..."

வனீஸ் சட்டென்று தலையைத் தூக்கினார். ஷெஹாத்தா அவருடைய அப்பா, செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மகன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தும் ஆயுசில் ஒரு தடவைகூட ரயில் ஏறாத மனிதர். பல்சம் அம்மா. ஹபீப் அண்ணன். நான்கு பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று இப்போது கோயிலே வேண்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. இரீனி வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பிசாதாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மாஸ்டரே, என்ன காரியம் பண்ணீங்க?" என்றார்.

"டப்பா மாறிடுச்சுப்பா." வனீஸின் காது சிவந்துவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு வண்டியைக்கூடத் தவறான தண்டவாளத்தில் விடாதவர். "அப்போ என்னோட இன்னொரு சீட்டு?"

"அது எப்பவோ உள்ள போயாச்சு."

"போய் எடுத்துட்டு வாயேன்."

"பூசை நடுவுல திரைக்குள்ள போய், மாஸ்டர் இன்னும் சாகலைன்னு நான் சொல்லணுமா? சும்மா நில்லுங்க."

வனீஸ் சும்மா நிற்கத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சீட்டில் முதல் பெயரே அவருடையது. அதற்குக் கீழே இரீனி, மருமகன், பேரக்குழந்தைகள். கோயிலுக்கு நேரத்துக்கு வந்தும் வேலைக்கு ஆகாமல் போயிற்றே என்று நினைத்தார். ஹிலானாவுக்கு இது தெரிந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் கட்டம் வந்தது. கோயில் முழுக்கக் கைகள் நீண்டன, பக்கத்தில் இருப்பவர் கையைத் தொட்டுத் தங்கள் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்கள். பிசாதா கையை நீட்டினார். வனீஸ் ஆறு வாரமாகச் செய்வதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கே போய்ச் சமாதானம் கேட்பது என்று தெரியாதவன் பக்கத்தில் நிற்பவனிடம் என்னத்தைக் கொடுப்பது? பிசாதாவின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அரை மணி நேரம் கழித்து இறந்தவர்களின் பெயர்களை அபூனா உள்ளிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கியில் அவர் குரல் சீராக வந்தது. பெயர்கள், பிறகு பெயர்கள். திடீரென்று, "வனீஸ்" என்றது குரல்.

நின்றது.

சீட்டைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் மைக்கில் கேட்டது. அபூனா சிரிப்பை அடக்கி மூச்சு விடுவதும் கேட்டது. மற்ற பெயர்களை அவர் வாசிக்கவில்லை. ஆனால் வாசித்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, "ஆண்டவரே, உம்முடைய ஊழியன் வனீஸுக்கு இளைப்பாறுதல் கொடும்" என்றார்.

"ஆண்டவரே, இரங்கும்" என்றது கோயில், பழக்க தோஷத்தில். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது வனீஸின் குரல்தான். தன் சாவுக்குத் தானே ஜெபம் சொல்லிவிட்டோம் என்று அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. பிசாதா பயந்துபோய்த் திரும்பினார். மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரத்தில் முதல் தடவையாக, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் தன் வீட்டு வாசலில் நின்றார்.

அது நினைவு இல்லை. நினைவு என்றால் இங்கிருந்து அங்கே எட்டிப் பார்க்க வேண்டும். இதில் எட்டிப் பார்க்கத் தூரமே இல்லை. சாம்பிராணி வாசனை மூக்கில் இருந்தது, கையில் வீட்டுச் சாவி இருந்தது. பிசாதா பக்கத்தில் ஒரே ஒரு 'ஆ'வை இழுத்துக்கொண்டிருந்தார், உள்ளே ஹிலானா அலமாரி இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டது என்றுதானே அவர் இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தார்? அது எங்கேயும் போயிருக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. ரயில் ஏறாத அப்பாவும் அம்மாவும் அண்ணனும் பக்கத்தில் எங்கோ நின்றார்கள், அதைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவருடைய பெயர் அவர்கள் பக்கமும் இருந்தது, அவர்கள் பெயர் இந்தப் பக்கமும் இருந்தது. யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, தேவையும் இல்லை.

உள்ளே இன்னொரு இழுப்பறை திறந்தது.

'மெதுவாத் தேடு ஹிலானா' என்றார் வனீஸ், மனதுக்குள். 'நான் நிக்கிறேன்.'

அவர் நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, அங்கே அளக்க ஒன்றும் இல்லை. இந்த முறை அவர் காத்திருந்தார். காத்திருப்பது இவ்வளவு சந்தோஷமான வேலை என்று தெரியாமல் முப்பத்து நான்கு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அதற்கும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அந்த முப்பத்து நான்கு வருடமும் அங்கேயேதான் இருந்தன. முக்காட்டைத் தலையில் சரிசெய்தபடி அவள் வந்தாள். "என்ன அவசரம்?" என்றாள்.

"ஒரு அவசரமும் இல்ல" என்றார் வனீஸ். இதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"என்னது?" என்றார் பிசாதா.

வனீஸ் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "கையக் குடு."

"எதுக்கு?"

"சமாதானத்துக்கு."

"அது முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு மாஸ்டர்."

"லேட்டா வந்தா சேத்துக்க மாட்டியா?"

பிசாதா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வனீஸ் அதைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். அதன் பிறகு திரும்பி, பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஹிலானா நிற்கும் இடத்தைப் பார்த்து, அங்கேயும் ஒரு தடவை விரல்களை உதட்டில் வைத்து எடுத்தார். பக்கத்தில் நின்ற இரீனி பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் அழுகையுமாக அவளும் விரல்களை முத்தமிட்டாள்.

நன்மை வாங்க வனீஸ்தான் முதலில் போனார். அபூனாவின் கண்ணில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. நன்மை வாங்கியவர்களின் வழக்கப்படி வாயைத் துணியால் மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு சின்னப் பையன்போல அவர் இடத்துக்குத் திரும்பினார்.

பூசை முடிந்து முற்றத்தில் எல்லோருக்கும் அப்பமும் பழமும் டீயும் கொடுத்தார்கள். செத்துப் பிழைத்த மாஸ்டரைத் தொட்டுப் பார்க்க ஒரு கூட்டமே வந்தது. ரொட்டிக் கடைக்காரர், "அந்தப் பக்கம் டீ எப்படி மாஸ்டர்?" என்று கேட்டார்.

"சர்க்கரை ஜாஸ்தி" என்றார் வனீஸ்.

"சரி, இன்னிக்குப் பூசை எத்தனை நிமிஷம் லேட்டு?" என்றார் பிசாதா. வாரா வாரம் அதை அறிவிப்பது மாஸ்டர்தான்.

வனீஸ் கையைத் தூக்கினார். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "பாக்கலை" என்றார்.

பிசாதா டீயைக் கீழே சிந்திவிட்டார்.

அபூனா அங்கி மாற்றிக்கொண்டு வந்து இரண்டு சீட்டுகளையும் நீட்டினார். "இந்தாங்க மாஸ்டர். அடுத்த வாரம் டப்பாவப் பாத்துப் போடுங்க. என்னால ஒரு ஆளத்தான் சாகடிக்க முடியும், குடும்பத்தையே முடியாது."

வனீஸ் சீட்டுகளை வாங்கினார். பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, மேஜையில் குனிந்து, ஒரு சீட்டின் பெயர்களை மற்றதன் கீழே எழுதிச் சேர்த்தார். ஷெஹாத்தா, பல்சம், ஹபீப், ஹிலானா, வனீஸ், இரீனி, பேரக்குழந்தைகள் வரை எல்லோரும் ஒரே தாளில் வந்தார்கள். அதை அபூனாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

அபூனா தாளைப் பார்த்தார். "இத எந்த டப்பாவுல போடறது?"

"எதுல வேணா போடுங்க" என்றார் வனீஸ். "பின்னாடியே வரேன்னு ஹிலானா சொன்னா, அபூனா. கொஞ்சம் லேட்டு. ஆனா வந்துட்டா."