வட்டம் என்ன நிறம்

அந்த அச்சகத்தில் அவரைக் கலர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சோப்பு, மாத்திரை, பிஸ்கட் என்று அட்டைப்பெட்டிகள் அச்சாகும் இடம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனக்கென்று ஒரு நிறம் உண்டு. அதைத் தனியாகக் குழைத்துத்தான் இயந்திரத்தில் ஊற்ற வேண்டும். அந்த வேலை அவருடையது.

நுரையீரலில் கிருமி என்று அவருக்கு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று கண்ணைப் பாதிக்கலாம், பார்வையில் ஏதாவது மாறினால் உடனே வாருங்கள் என்று எச்சரித்தும் இருந்தார்கள்.

மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது மனைவிதான்.

"ஏங்க, என் பிரஷ்லயா பல்லு தேய்க்கிறீங்க?"

"இது என்னோடதுதானே?"

"உங்களோடது சிவப்பு. இது பச்சை."

இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மண் நிறம். "கவனிக்கல" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வாங்க, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

"மாத்திரைய நடுவுல நிறுத்துனா நோய் திரும்பிடும். முடியட்டும், பாக்கலாம்."

கண் சரியில்லை என்று தெரிந்தால் தன் வேலை என்னாகும் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் முதலாளி ஒரு ஏஐ கருவி வாங்கிப் போட்டார். மாதிரி அட்டையின் மேல் அதை வைத்தால், எந்த மை எத்தனை கிராம் என்று கணினி சொல்லும். குழைத்துத் தாளில் தடவி மறுபடி வைத்தால், மாதிரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணாகக் காட்டும். இரண்டுக்குக் கீழே வந்தால் சரி. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவருக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. டப்பா மூடியில் பெயர், தராசில் கிராம், திரையில் எண். கண்ணுக்கு வேலையே இல்லை.

"அண்ணனே பழகிட்டாரு, உங்களுக்கெல்லாம் என்ன நோவு?" என்று முதலாளி மற்றவர்களைக் கடிந்துகொண்டார்.

ஒரு நாள் காலையில் திரை மாறியிருந்தது. எண்ணைக் காணோம். ஒரு வட்டம் மட்டும். மென்பொருளைப் புதுப்பித்து எளிமையாக்கியிருக்கிறோம் என்று கீழே அறிவிப்பு. பச்சை வட்டம் என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு.

அன்று சோப்புப் பெட்டிக்கு இலைப்பச்சை. முந்தைய ஷிப்டில் யாரோ பச்சை மையின் மூடியையும் சிவப்பு மையின் மூடியையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவர் மூடியைப் படித்தார், எடை போட்டார், குழைத்தார், தாளில் தடவிக் கருவியை வைத்தார். வட்டம் வந்தது.

முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளி நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மண் நிறம். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "இது என்ன கலருப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. மையை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போனார்.

நாலு தாள் ஓடியதும் மெஷின்காரர் திரும்பினார்.

"அண்ணே, கலர் இதுதானா? போன தடவை மாதிரி இல்லையே."

"கம்ப்யூட்டர் சரின்னு சொல்லிடுச்சு. ஓட்டுப்பா."

"நீங்க சொன்னா சரிதான்."

மதியம் முதலாளி வந்தபோது அச்சான தாள்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. மேல் தாளை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் கூடினார்கள். அவரும் எட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"இலை எங்கண்ணே பச்சையா இருக்கு? காஞ்ச சருகு மாதிரி இருக்கு! விளையாடுறீங்களா?"

மெஷின்காரருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். பழைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து புதியதோடு சேர்த்து நீட்டினார்.

"அண்ணே, இதுல எது பழசு?"

அவர் ஒன்றைத் தொட்டார். மெஷின்காரர் முதலாளியைப் பார்த்தார். தப்பானதைத் தொட்டுவிட்டோம் என்று அதிலேயே தெரிந்தது.

முதலாளி கருவி விற்றவர்களுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். "நிறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்குன்னு ஒரு வசதி இருக்கே சார். செட்டிங்ல ஒரு தட்டு தட்டினா, பழையபடி நம்பரே வந்துடும்."

சோப்புக் கம்பெனி வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. முதலாளி அவரைத் திட்டவில்லை. "உடம்பப் பாத்துக்குங்க அண்ணே" என்று அச்சான பெட்டிகளைக் கட்டுக் கட்டும் பக்கம் மாற்றிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார். "மொதல்லயே வந்திருந்தீங்கன்னா சரியாயிடும்னு தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப காத்திருந்துதான் பாக்கணும்."

நர்ஸ் ஒரு புத்தகத்தை விரித்தாள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் குனிந்து தேடினார். பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பளிச்சென்று தெரிந்தது, எழுபத்து நாலு. அவள் உதடு தானாக அசைந்தது.

"அம்மா, நீங்க சொல்லக்கூடாது."

"இல்லம்மா, சொல்லல."

"தெரியல" என்றார் அவர். அடுத்த பக்கம். "தெரியல."

மூன்று மாதம் கழித்தும் அதே புத்தகம், அதே பக்கம்தான். இந்த முறை நர்ஸ் பக்கத்தைத் திருப்பத் தொடங்கியதுமே, மனைவி எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வந்தது.

"இருபத்தொண்ணா? இல்ல, இருங்க. சும்மா குத்துமதிப்பாச் சொன்னேன். தெரியலம்மா."