உயிரோடு இருப்பவரின் பெயர்

மறுநாள் காலை விருத்தசேதனம். சடங்கு முடிந்ததும் குழந்தையின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்து ஏழு நாளாகியும் எந்தப் பெயரைச் சொல்வது என்று ஹதாஸுக்குப் பிடிபடவில்லை. அம்ராம் என்று வைத்தால் அவளுடைய அம்மா வரமாட்டாள். வைக்காவிட்டால், பிள்ளையை மடியில் ஏந்திக்கொள்ள வேண்டிய மாமனார் வரமாட்டார்.

அம்ராம் என்பது மாமனாரின் பெயர். மோசேயின் தகப்பனுக்கும் அதே பெயர்தான். உயர்ந்த மக்கள் என்று பொருள். மொராக்கோவிலிருந்து வந்த அந்த யூதக் குடும்பத்தில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான், அதுவும் தாத்தா கண்ணால் பார்க்கும்படி. அம்ராமின் மகன் ஹனன்யா, ஹனன்யாவின் மகன் அம்ராம் என்று ஏழு தலைமுறையாக மாறி மாறி இறங்கி வந்திருக்கிறது. ஹதாஸின் கணவன் ஹனன்யா.

அம்மா கிலா போலந்து வழி. அவர்கள் இறந்தவர் பெயரை மட்டுமே வைப்பார்கள். மரணதூதன் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு வருவான். ஒரே குடும்பத்தில் இரண்டு அம்ராம் இருந்தால் ஆளை மாற்றி எடுத்துப் போய்விடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை.

"எங்க தெருவுல தாத்தா பேரு வச்ச பசங்க நாலு பேரு திரியிறானுங்க, சம்பந்தியம்மா. தாத்தாவுங்களும் திரியிறாங்க. உங்க தூதனுக்கு எங்க ஊரு அஷ்தோதுக்கு வழி தெரியாதோ என்னவோ" என்றார் அம்ராம், பிஸ்தாவை உடைத்தபடி.

"அது உங்க தெரு, சம்பந்தி. இவன் என் பேரன்." கிலா தேன் கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேர விட்டுட்டா ஜெப ஆலயத்துல என்ன கேப்பாங்க தெரியுமா? மகன் உன்னத் தலைமுழுகிட்டானான்னு கேப்பாங்க."

ஹதாஸ் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "அம்மா, தூதன் ஆள எத வச்சுக் கண்டுபிடிப்பான்? முகமா, விலாசமா?"

"பேர வச்சுத்தான்."

"அப்போ உங்க அப்பாவுக்கு மாரடைப்பு வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

கிலாவின் கை நின்றது. "அவரு பேருக்கு முன்னால இன்னொரு பேரு சேர்த்தோம். ஹெர்ஷ்னு இருந்தவர ஹயிம் ஹெர்ஷ் ஆக்கினோம். ஹயிம்னா உயிர். தூதன் ஹெர்ஷத் தேடி வந்தா, அங்க வேற ஆளு."

"அப்புறம் எத்தன வருஷம் இருந்தாரு?"

"பதினேழு."

"ஒரு பேரு சேர்த்தா வேற ஆளுன்னா, இவனுக்கும் சேர்த்துடலாமே?"

கிலா மாவைச் சலித்தாள். பிறகு, "ஹயிமா?" என்றாள்.

"ஹயிம்தான். உங்க அப்பா பேரும் வந்துடும்."

"என் பேரு உள்ள முழுசா இருக்குமா?" என்றார் அம்ராம்.

"ஒரு எழுத்து குறையாது மாமா."

"ஏழு தலைமுறையில இப்படி ஒட்டுப்போட்டதில்ல" என்று முணுமுணுத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இவன யாராவது வெறும் அம்ராம்னு கூப்பிட்டா, நான் எழுந்து போயிடுவேன்" என்றாள் கிலா.

ஹதாஸ் சடங்கு செய்பவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்: குழந்தையின் பெயர் ஹயிம் அம்ராம், தகப்பன் பெயர் ஹனன்யா; ஹயிமையும் அம்ராமையும் பிரிக்காமல் சேர்த்தே படிக்கவேண்டும்.