கீறல் விழாத கை

வண்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்தைக் கழற்றினால் அடியில் என்ன இருக்கும் என்று வண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் யாரும் யோசிப்பதில்லை. பசை இருக்கும். வெயிலிலும் மழையிலும் ஊறிப் பழுப்பேறி, மூக்குச் சளி காய்ந்தாற்போல ஒரு பசை. அதற்குள் செத்த எறும்பு இருக்கும், புழுதி இருக்கும், யாருடையதோ ஒரு தலைமயிரும் இருக்கும். கத்தி வைத்துச் சுரண்டினால் பெயின்ட் போய்விடும். கட்டை விரலால்தான் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். சீ, எத்தனை வருஷம் செய்தாலும் பழகாத அருவருப்பு அது.

அந்த அருவருப்பில்தான் நூலக்காவின் பிழைப்பு ஓடியது. பாலிஷ் பட்டறையில் அவள் பேரே அதுதான். ஹேர் டிரையரால் எழுத்துக்குச் சூடு காட்டி, பசை இளகியதும் தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அறுப்பாள். எழுத்து பொத்தென்று கையில் விழும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வண்டியிலும் அவள் கையால் கீறல் விழுந்ததில்லை. வண்டியைத் தொடுமுன் வளையலைக் கழற்றுவாள், மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். மோதிரம் தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, சிவப்புக் கல் வைத்தது. கல்லின் ஒரு முனை கூர்மை. அதனாலேயே பட்டறையில் அது எப்போதும் முடிச்சுக்குள்தான் கிடக்கும்.

பத்து நாளைக்கு முன்பு முதலாளி ஒரு கருநீல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டிச் சாவியால் காதைக் குடைந்துகொண்டே வந்தார். குடைந்து முடித்து, சாவி நுனியில் வந்ததை ஒரு தரம் பார்த்து, வேட்டியில் துடைத்து, அதே சாவியை அவள் கையில் கொடுத்தார். த்தூ! நூலக்கா அதைத் துணியால் வாங்கினாள்.

"நூலக்கா, பின்னாடி எல்.டி.ன்னு இருக்குல்ல, அதை எடுத்துட்டு எக்ஸ்.டி. போட்டுரு. பழைய வண்டி விக்கிற என் மச்சான் யார்டுல நாளைக்கு நிக்கணும்."

எல்.டி. என்றால் அந்த வண்டியில் சாதா ரகம். எக்ஸ்.டி. என்றால் உசத்தி. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே மட்டும் வித்தியாசம். மோதினால் விரிகிற காற்றுப்பை சாதாவில் முன்சீட்டுக்கு இரண்டு, அவ்வளவுதான். உசத்தியில் ஆறு. பின்சீட்டில் உட்காருபவர்களுக்கும் பக்கவாட்டில் விரியும்.

"சீட்டு ஓரத்துல பை இருக்குன்னு ஒரு துணிச்சீட்டு தச்சிருப்பானே. அது இல்லாததைப் பார்த்தா தெரிஞ்சிராதா?" என்று கேட்டாள்.

"புது உறை போட்டு மூடியாச்சு. உள்ளே பை இருக்கா, தவிடு இருக்கான்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

"பேப்பர்ல எல்.டி.ன்னுதானே இருக்கும்?"

முதலாளி சிரித்தார். பல்லிடுக்கில் காலையில் தின்றது இருந்தது. "பேப்பரை எவன் படிக்கிறான்? முதுகுல ஒட்டியிருக்கிறதைத்தான் படிக்கிறான். நீ உன் வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். இது முதல் முறை ஒன்றும் இல்லை, இதோடு எத்தனையோ வண்டி. ஒவ்வொரு தரமும் குமட்டும். ஒவ்வொரு தரமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் குமட்டலை விழுங்குவாள்: நான் எழுத்தைத்தான் ஒட்டுகிறேன், பொய் சொல்கிறவன் அவன். மருந்து மாத்திரை போல அந்த வாக்கியம் இதுநாள்வரை வேலை செய்தது.

எழுத்தை எடுத்தபின் அடியில் நிழல் தெரிந்தது. சுற்றிலும் பெயின்ட் வெயிலில் வெளிறியிருக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் வெளிறாமல் கருநீலமாக, 'எல்.டி.' என்று அப்படியே பேய் மாதிரி நின்றது. அதைப் போக்குவதுதான் பெரிய வேலை. காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையை வைத்துச் சுற்றிலும் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து, நிழல் சுவடில்லாமல் ஆக்கினாள். பேப்பர் டேப்பால் கோடு போட்டு, புது எழுத்தைப் பிசகாமல் ஒட்டினாள். கம்பெனியில் ஒட்டும்போது அந்த மாடலுக்கு எப்போதுமே இரண்டாவது எழுத்து ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கும். நூலக்காவின் கைக்கு அந்தக் கோணல் வராது. அவள் ஒட்டினால் நேராகத்தான் நிற்கும். அது அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, உடனே வீட்டுக்கு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. வண்டி கழுவி, துடைத்து, பசை உருட்டி, அவனைப் படிக்க வைத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவள் அவள்தான். அதை அவனும் மறந்தவன் இல்லை. யார் வந்தாலும் அவள் கையைப் பிடித்துக் காட்டி, "இந்தக் கையிலதாங்க நான் வளர்ந்தேன்" என்பான். அந்த ஒரு பேச்சுக்காக அவள் இன்னும் பத்து வருஷம் சளியை உருட்டுவாள்.

தெருவில் அவன் வீட்டு வாசலில் கருநீல வண்டி நின்றது.

"எப்படி இருக்கு? உன்கிட்ட சொன்னா, பட்டறையில விசாரிக்கறேன் அங்க விசாரிக்கறேன்னு இழுப்பேன்னுதான் சொல்லலை. மேம்பாலத்துக்கு அந்தாண்ட யார்டுல வாங்கினேன். ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு. உசந்த ரகம்க்கா! ஆறு பை! பாப்பாவுக்குப் பக்கத்துலயே விரியுமாம்."

நூலக்கா வண்டியின் பின்னால் போனாள். எக்ஸ்.டி. இரண்டு எழுத்தும் கோடு போட்டாற்போல நேராக நின்றன. அவள் ஒட்டியதேதான்.

"வாங்க அண்ணி" என்று தம்பி மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சாப்பிட்டுட்டு ஒரு மணிக்குக் கிளம்பறோம். எங்கம்மா வீட்டுக்கு. நாலு மணி நேரம், நெடுஞ்சாலைதான். நானும் பாப்பாவும் பின்னாடி உக்காந்துக்குவோம்."

பாப்பா அதற்குள் பின்சீட்டில் ஏறி, கண்ணாடி வழியே, "அத்தை, என் சீட்டு!" என்று கத்தியது. சீட்டில் புது உறை பளபளத்தது. நான்கு வயசுப் பிள்ளை, தலை கண்ணாடிக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் ஒரு பையும் இல்லை, வெறும் தகரம்தான் என்பது அந்தத் தெருவிலேயே நூலக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பேசாமல் இருந்துவிடலாமா? எத்தனை பேர் சாதா வண்டியில் போய்ச் சௌக்கியமாக வந்து சேரவில்லை? சொன்னால் தம்பி கேட்பான், உனக்கு எப்படித் தெரியும் என்று. அதற்கப்புறம் இந்தக் கையைப் பிடித்து யாரிடமும் காட்ட மாட்டான். இப்படி ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த நொடி தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அடி மானங்கெட்டவளே, பிள்ளையின் தலையைவிட உன் பேர் உனக்குப் பெரிசா?

கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாப்பா அதற்குள் மறுபடி பின்சீட்டில் ஏறி, பெல்ட்டும் போட்டு உட்கார்ந்திருந்தது. "டேய், இங்க வா. இது எக்ஸ்.டி. இல்லை. எல்.டி."

"உளறாதக்கா. எழுதியிருக்கு பார்."

"எழுதினது நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவில்லை. அவன் மனைவியின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கி, வாசல் பிளக்கில் சொருகினாள். பழக்கதோஷம், வளையலையும் மோதிரத்தையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கைப்பையில் தூண்டில் நரம்பு எப்போதும் இருக்கும். ஐந்து நிமிஷம். எழுத்து இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன. புதுப்பசை, அழுக்குப் படியாத வெள்ளைப் பசை, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பாரு."

தம்பி குனிந்து பார்த்தான். "என்னத்தைப் பார்க்க? சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்லையே."

"அதாண்டா. ரெண்டு வருஷம் வெயில்ல நின்ன வண்டி. எழுத்துக்கு அடியில நிழல் விழுந்திருக்கணும். இல்லைன்னா யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். நான் தேய்ச்சேன். எங்க முதலாளியோட மச்சான் யார்டுதான் அது. நம்பலைன்னா பேப்பரை எடுத்துப் படி. பின்சீட்டுக்குப் பை இல்லை. பாப்பாவை ஏத்தாதே."

தம்பி முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து பேப்பரை எடுத்தான். படித்தான். மறுபடி படித்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. நூலக்கா காத்திருந்தாள். கையை ஓங்குவான், இல்லை, நீயெல்லாம் ஒரு அக்காவா என்பான். எதைச் செய்தாலும் தகும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"முதலாளிக்கும் அவர் மச்சானுக்கும் தெரியும். வா, இப்பவே யார்டுக்குப் போவோம். நான் வந்து சாட்சி சொல்றேன்."

"அவன்கிட்ட போய் மல்லுக்கட்டி என்னாகப் போவுது? பேப்பர்ல எல்.டி.ன்னுதானே இருக்கு, படிக்காம கையெழுத்துப் போட்டது உன் தப்புன்னுடுவான்." பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இந்த வண்டியைப் பார்த்ததுல இருந்து எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு நச்சரிக்கறார். இன்னைக்கு ஊருக்குப் போக வேண்டாம். ஒரு மாசம் பக்கத்துல ஓட்டிட்டு, பூப்போல அவர் தலையில கட்டிடலாம்."

நூலக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அவருக்குக் குழந்தை இருக்கா?"

"ரெண்டு. அது எதுக்கு இப்ப?" அவன் அவள் தோளில் கை வைத்தான். அன்பாகத்தான் வைத்தான். "நேரா, அழகா ஒட்டியிருந்தே. அதே மாதிரி திரும்ப ஒட்டிடுக்கா. நீ எழுத்தை மட்டும் ஒட்டு, சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன்."

அவளுடைய மாத்திரை, அதே வாக்கியம். எச்சில் வாசனையோடு அவன் வாயிலிருந்து வந்தது. அவள் விழுங்கி விழுங்கி வயிற்றுக்குள் வைத்திருந்ததை இந்தப் பிள்ளை எப்போது கற்றான்? சோறு ஊட்டினாள், எழுத்து சொல்லிக் கொடுத்தாள், இதையும் அந்தக் கையாலேயே ஊட்டிவிட்டாளா? குமட்டல் தொண்டை வரைக்கும் வந்தது. முதலாளியின் காதுச் சாவியைத் துணியால் வாங்கலாம். தம்பியின் கையை எந்தத் துணியால் வாங்குவது?

"கையை எடுடா" என்றாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். கல்லின் கூர்முனையைத் தேடித் திருப்பி வைத்து, முட்டியை மடக்கி, பின்கதவின் மேல் விளிம்பில் அழுத்தினாள். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பல்லைக் கூச வைக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. பிறகு கீழே, இடமிருந்து வலமாக இன்னொரு இழுப்பு. ஒரு முழ உயரத்துக்கு 'எல்' என்ற எழுத்து, அடித்தகரம் தெரிய, கோணலாக நின்றது.

"அக்கா! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"இப்ப ஒட்டு. எதை ஒட்டுறியோ ஒட்டு."

சத்தம் கேட்டுத் தம்பி மனைவி வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அண்ணியின் கையில் கிடந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாள்.

"பின்சீட்டுக்குப் பை இல்லைம்மா. ஏமாத்து வேலை. நான்தான் செஞ்சேன்" என்றாள் நூலக்கா.

தம்பி மனைவி கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புருஷனையும் திரும்பிப் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை.

தம்பி கீறலைத் தடவித் தடவிப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. "இருபத்திரண்டு வருஷமா ஒரு வண்டியில ஒரு கோடு போட்டதில்லைம்பியே. என் வண்டிதான் கிடைச்சுதா உனக்கு?"

நூலக்கா எழுத்து இரண்டையும் வாசல் சாக்கடையில் போட்டாள். விரலில் ஒட்டியிருந்த பசையைப் புடவையிலேயே துடைத்தாள். மோதிரத்தைக் கழற்றவில்லை.

"நாளைக்குப் பட்டறையில இதே மாதிரி நாலு வண்டி வருதுடா" என்றாள். "மோதிரத்தோடதான் போகப்போறேன்."