சிவப்புத் துணி கட்டிய டப்பா

எங்கள் மெக்கானிக் பட்டறைக்குள் வேன்காரன் பாய்ந்து வந்தான். முதலில் பேசியது அவன் கையிலிருந்த ஜாக்கி ராடுதான். ஓர் அடி என் வீட்டுக்காரரின் தோளில், அடுத்தது விலாவில். ஸ்பேனரோடு அப்படியே தரையில் சரிந்தார். நான் உதிரிபாகக் கவுண்டரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். பட்டறையில் பாதிப் பங்குக்காரனான என் அண்ணன், அலமாரி ஓரம் நின்றவன் நின்றபடியே இருந்தான்.

"பிரேக் பாத்துக் குடுத்தியாடா நீ? என் பொண்டாட்டி மூஞ்சி பூரா கண்ணாடி குத்திக் கெடக்குறா! எந்தக் கையால பாத்த? அந்தக் கை இனிமே ஸ்பேனர் புடிக்காது."

வாசலில் அவன் வேன் நின்றது. சுவரில் மோதி முன்பக்கம் உள்ளே போயிருந்தது. கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"போன வாரம் குடுக்கும்போது பெடல் கல்லாட்டம் இருந்துச்சுப்பா. நீயே மிதிச்சுப் பாத்துட்டுதான எடுத்துட்டுப் போன?" என்றார் இவர், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "ஒரு தடவை நான் பாக்குறேன். அப்புறம் அடி."

அடி வாங்கும்போதும் காரணம் தேடுகிற மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் ராடு ஓங்கியிருக்க, நொண்டி நொண்டிப் போய் சீட்டில் ஏறி மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மிதித்ததும் கொஞ்சம் ஏறியது. காலை வைத்து அழுத்தியதும் மெல்ல இறங்கியது.

"பிரேக் லைன்ல காத்து மட்டும் இருந்தா ஏறி நிக்கும். இது நிக்காம எறங்குது. லைன்ல ஒழுக்கு இருக்கா பாரு."

நாலு சக்கரத்துக்கும் கீழே தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பிரேக் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் ஊறி உப்பி, திரும்ப உட்கார மறுத்தது. அந்த ரப்பரை நான் தினமும் விற்கிறவள். எது பட்டால் அது இப்படி உப்பும் என்று எனக்குத் தெரியும்.

குடிக்க வைத்திருந்த தம்ளர் தண்ணீரில் அந்த ஆயிலைச் சொட்டு விட்டேன். பிரேக் ஆயிலாக இருந்தால் தண்ணீரோடு கலந்துபோகும். இது மஞ்சள் வட்டமாக மேலே மிதந்தது.

"இது பிரேக் ஆயிலே இல்லீங்க. ஸ்டீயரிங் ஆயிலு. உள்ள இருக்குற ரப்பர் மொத்தமும் ஊதிப் போயிருக்கும், அதான் பெடல் நிக்கல."

"வண்டி மூடியில டாட் ஃபோர் பிரேக் ஆயில்னு போட்டிருக்கு. அலமாரியில இருந்த டாட் ஃபோர் டப்பாவத்தான் ஊத்துனேன்" என்றார் இவர். அவருக்கு முகமே செத்துவிட்டது.

"அப்ப நீதானடா ஊத்துன!" வேன்காரன் அவர் பிடரியைப் பிடித்து இழுத்தான்.

என் அண்ணன் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். காலி டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராது. மிச்ச ஆயிலையெல்லாம் அதில் ஊற்றி வைப்பான். நசுக்கித் தூக்கிப் போடு என்று நான் கத்தாத நாளில்லை. அதற்கு அவன் வைத்திருந்த சட்டம், டப்பா கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் உள்ளே இருப்பது வேறு. துணி இல்லாவிட்டால் நம்பி ஊற்றலாம். மூன்று பேருக்கும் இது மனப்பாடம்.

அலமாரியைப் பார்த்தேன். டாட் ஃபோர் டப்பாவின் கழுத்து மொட்டையாக இருந்தது.

துணி அண்ணன் விரலில் இருந்தது. போன வாரம், இந்த வேன் வேலைக்கு வருமுன், ஃபேன் இறக்கை கிழித்த விரல். கைக்கு எட்டியதை அவிழ்த்துச் சுற்றியிருக்கிறான். அது எங்கிருந்து வந்த துணி என்று நானும் பார்க்கவில்லை. என் கண் போன இடம் அவனுக்குத் தெரிந்தது. கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

அதற்குள் வேன்காரன் இவரை இரும்பு மேசையில் கவிழ்த்து முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். வலது கை மேசைமேல் விரிந்து கிடந்தது. அந்தக் கைதான் எங்கள் சோறு.

"அண்ணா, சொல்லு. வாயத் தொறந்து சொல்லு!"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? வேலை பாத்தது மாப்ளதான" என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

ராடு மேலே போனது. அண்ணன் மேல் பாய்ந்து, பாக்கெட் கிழிய அவன் கையை வெளியே இழுத்தேன். அலமாரியில் இடித்து டப்பாக்கள் உருண்டன. முடியைப் பிடித்தான், முகத்தில் அறைந்தான். நான் அவன் தோளைக் கடித்தேன், வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவனை மேசைவரை இழுத்து வந்து, இவர் கைக்குப் பக்கத்தில் அவன் கையை அறைந்து வைத்தேன்.

"அவரு கை இல்ல. இந்தக் கை. டப்பாவுல ஸ்டீயரிங் ஆயில ஊத்துனதும் இது, அடையாளத் துணிய அவுத்ததும் இது."

வேன்காரன் சிவப்புத் துணியைப் பார்த்தான். முழங்காலை எடுத்தான்.

"விட்டுடுடி, உன் அண்ணன்டி அவன்!" என்று இவர் கத்தினார். அம்மா போனபிறகு எனக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிட்ட கை அது. எனக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை.

"பாப்பா..." என்று அண்ணன் கையை இழுக்கப் பார்த்தான். இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ராடு இறங்கும்வரை விடவில்லை.